கார்த்திகை மழையில் தொடங்கி பங்குனி வெயிலில் முடியும் சீசன்: இரண்டாம் அடுக்கு கால்பந்து அணியை நடத்தும் முறை

2024-25 ஐ-லீக்கின் கடைசி நாள் ஏப்ரல் 6. 22 ஆட்டங்கள் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளி, இன்டர் காசி 39 புள்ளி. ஆனால் கோப்பை யாருக்கு என்று அன்று முடிவாகவில்லை. தடையில் இருக்க வேண்டிய வீரரை இன்டர் காசியின் எதிரணி இறக்கிய ஓர் ஆட்டம், வீரர் பதிவு பற்றிய இன்னொரு தகராறு என்று விவகாரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது. ஜூலையில்தான் இன்டர் காசி சாம்பியன் என்று தீர்ந்தது.

2022-23-இல் ஐ-லீக் நம் நாட்டுக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு ஆனது. அதில் ஜெயித்து 2023-இல் பஞ்சாப் அணியும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் முதல் அடுக்கான ஐ.எஸ்.எல்லுக்கு ஏறின. இந்த அடுக்கில் முதலிடத்து அணிக்கும் ஆறாமிடத்து அணிக்கும் காலில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் நோட்டுப் புத்தகத்திலும் நாட்காட்டியிலும் தரையிலும் இருக்கிறது. கடலூரையோ புதுச்சேரியையோ சொந்த ஊராக வைத்து இப்படிப்பட்ட லீக்கில் ஆடும் அணியின் மேனேஜருக்கு, நவம்பர் முதல் ஏப்ரல் வரை கைகொடுக்கும் விஷயங்கள் கீழே.

நாட்காட்டி முதலில்

12 அணிகள் சொந்த ஊரிலும் வெளியூரிலும் மோதினால் ஆளுக்கு 22 ஆட்டம். 11 வெற்றி, 7 டிரா, 4 தோல்வி என்றால் 40 புள்ளி. மேலே ஏற நினைக்கும் அணி இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்: சொந்த மண்ணில் தோற்காமல் இருப்பது, வெளியூரில் தோற்பதை டிராவாக மாற்றுவது. டிராவில் ஒரு புள்ளிதானே என்று 85-ஆவது நிமிடத்தில் எல்லோரும் முன்னால் ஏறிப் போய், எதிர்த் தாக்குதலில் அந்த ஒன்றையும் இழப்பதுதான் இந்த அடுக்கின் வழக்கமான தப்பு.

அட்டவணை வரைவு கைக்கு வந்ததும் வடகிழக்குப் பருவமழையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் எந்த வாரமும் புயல் வாரம் ஆகலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அதற்கு எட்டு நாள் முன்புதான், நவம்பர் 22 அன்று, அந்த ஆண்டு ஐ-லீக் தொடங்கியிருந்தது. அதனால் முதல் நான்கைந்து ஆட்டங்களில் பெரும்பாலானவை வெளியூரில் அமையும்படி லீக் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். காரணமாக மழைக் கணக்கைக் காட்டினால் கேட்பது சலுகையாகத் தெரியாது. கிடைத்தால் தை பிறந்த பிறகு வரிசையாகச் சொந்த ஊர் ஆட்டங்கள் வரும். தரை காய்ந்திருக்கும், மாலையில் காற்றும் இதமாக இருக்கும். கிடைக்காவிட்டால் மாற்று மைதானம் ஒன்றை அக்டோபருக்குள் பேசி முடித்துவிடுங்கள். மழை பெய்யும் அன்று பேசினால் கிடைக்காது.

மஞ்சள் அட்டை நோட்டு

நீள ரூல்டு நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக வீரர் பெயர்கள், மேலே வரிசையாக ஆட்ட எண்கள். மஞ்சளுக்கு நிமிடத்தை நீல மையில் எழுதுங்கள், சிவப்புக்குச் சிவப்பு மை. தடைக்கு எத்தனை மஞ்சள் என்பது லீக்குக்கு லீக் மாறும், அந்த எண்ணை விதிப் புத்தகத்திலிருந்து பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். சிவப்பு வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் தானாகவே வெளியே. பயிற்சியாளருக்கும் பெஞ்சில் உள்ள மற்றவர்களுக்கும் அட்டை உண்டு என்பதால் அவர்களுக்கும் தனி வரி வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு சிக்கல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஏழாவது ஆட்டத்தில் தடை வாங்கிய வீரர் எட்டாவது ஆட்டத்தில் உட்கார வேண்டும். எட்டாவது ஆட்டம் புயலால் தள்ளிப்போனது. "எட்டு போச்சு, ஒன்பதுல இறங்கலாம்" என்று நினைத்தால் தீர்ந்தது கதை. அட்டவணையில் அச்சாகியிருக்கும் ஆட்டத்தால் தடை கழியாது, அணி உண்மையில் ஆடிய ஆட்டத்தால்தான் கழியும். தகுதியில்லாத வீரரை இறக்கினால் வழக்கமாக வரும் தண்டனை ஆட்டம் 3-0 என்று எதிரணிக்குப் போவது. கோல் வித்தியாசத்திலும் மூன்று போய்விடும்.

டீம் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் பெயரையும் ஜெர்சி எண்ணையும் சத்தமாகப் படிக்க, மற்றவர் நோட்டைப் பார்த்து "உண்டு" என்று சொல்லி டிக் போட வேண்டும். ஒரே ஆள் படித்து ஒரே ஆள் சரிபார்த்தால் கண் தான் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும். ஆட்டம் முடிந்ததும் நடுவர் அறிக்கையோடு ஒப்பிட்டு அன்றிரவே நோட்டை முடித்துவிடுங்கள். நடுவர் எண்ணை மாற்றிக் குறித்திருந்தால் ஆட்சேபம் தெரிவிக்க நேரம் குறைவு.

ஆட்களைச் சேர்ப்பது

22 ஆட்டம், 11 பேர், 90 நிமிடம்: மொத்தம் 21,780 நிமிடங்கள். 26 பேர் கொண்ட அணியில் சராசரி ஒருவருக்கு 840 நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே வரும். ஆனால் சராசரியாக யாரும் ஆடுவதில்லை. ஏழெட்டுப் பேர் 1,600-ஐத் தாண்டுவார்கள், மார்ச்சில் அவர்களுடைய தொடைதான் முதலில் பிடிக்கும். ஒவ்வொருவரின் நிமிடத்தையும் வாரந்தோறும் கூட்டி வையுங்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இடைவேளை தவிர மூன்று தடவையில் இறக்கலாம் என்பதால், 60-ஆவது நிமிடத்தில் இருவர், 75-இல் இருவர், கடைசி ஒருவர் அவசரத்துக்கு என்று பிரித்தால் அந்த ஏழெட்டுப் பேரின் சுமை கணிசமாக இறங்கும்.

கோல் கீப்பர் மூவர் அவசியம். இருவர் போதும் என்று மிச்சம் பிடிக்கும் அணி, ஒருவர் விரல் முறிந்து மற்றவர் சிவப்பு வாங்கும் வாரத்தில் அதற்கு விலை கொடுக்கும். மையத் தடுப்பில் நால்வர், இடப்புறத்தில் இயல்பாக இடக்காலில் ஆடும் இருவர். இடக்கால் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதை ஜூலையிலேயே தொடங்குங்கள்.

உள்ளூர் ஆட்களைச் சேர்ப்பதில் இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் உள்ள முள்ளோடைக்கு அந்தப் பக்கம் கிருமாம்பாக்கம், பாகூர் எல்லாம் புதுச்சேரி. இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். பையன்கள் ஒரே மைதானத்தில் ஆடி வளர்ந்திருப்பார்கள், ஆனால் அவர்களுடைய பதிவு இரண்டு வேறு சங்கங்களில் இருக்கும். எல்லை தாண்டி எடுக்கும்போது தடையில்லாச் சான்றும் பதிவு மாற்றமும் வேண்டும். பதிவு காலக்கெடு முடிவதற்கு மூன்று வாரம் முன்பே ஆவணங்களை அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறொரு எழுத்து என்று பெயர் மாறியிருப்பதுதான் கோப்பு திரும்பி வர முதல் காரணம்.

பெண்கள் அணி நடத்துவோருக்கும் இதே முறைதான். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். பெண்கள் லீக்கிலும் இப்போது இரண்டாம் பிரிவு இருக்கிறது. ஊரில் ஆட்கள் உண்டு, நல்ல தரையும் ஒழுங்கான ஒப்பந்தமும்தான் குறை.

பொங்கல் நாட்களில் ஊர்ப் போட்டிகளுக்கு வீரர்களை அழைப்பார்கள். அண்ணன் தம்பி கூப்பிட்டால் மறுக்க முடியாது. ஆனால் இறுகிய மண்ணில் ஒரு நாளில் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு வருபவரின் கணுக்கால் அடுத்த சனிக்கிழமைக்குத் தாங்காது. ஒப்பந்தத்தில் இதை எழுதுங்கள், டிசம்பரில் இன்னொரு முறை நேரில் சொல்லுங்கள், பரிசு வழங்க அவர்களை அனுப்பி வையுங்கள். ஊருக்கும் மரியாதை, காலும் பிழைக்கும்.

தரை

சீசனில் அதிகப் புள்ளியைச் சாப்பிடுவது தரைதான். புதுச்சேரியின் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கும் இடத்துக்குப் பெயர் உப்பளம். இந்தக் கரையோரத்து மண்ணும் நிலத்தடி நீரும் எப்படிப்பட்டவை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். போர் தண்ணீரைப் பாய்ச்சும் முன் உப்பு அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். புல் நுனி கருகி, மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குவதுதான் வழி. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேர்மட்டத்திலேயே தங்கும்.

இந்த ஊருக்கு ஏற்ற புல் நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். வெயிலும் ஓரளவு உப்பும் தாங்கும், மிதிபட்டால் பக்கவாட்டில் ஓடி மூடிக்கொள்ளும். 25 முதல் 30 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்து, ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஈரத்தில் வெட்டினால் கத்தி புல்லைப் பிய்க்கும், சக்கரத் தடம் பள்ளமாகும்.

105 க்கு 68 மீட்டர் என்றால் 7,140 சதுர மீட்டர். அதில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் பாய்ச்ச 35,700 லிட்டர் வேண்டும், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்று லோடு. பிப்ரவரிக்குப் பிறகு தண்ணீர்ச் செலவை இந்தக் கணக்கில் போடுங்கள். மழைநீர் வடிய, நீளவாக்கில் மைதானத்தின் நடுவிலிருந்து இரு பக்கக் கோடுகளுக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும்: 34 மீட்டருக்கு 34 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்கும் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

ஆட்டத்தன்று காலை தண்ணீர் நின்றால் வரிசை இதுதான். முதலில் ஸ்பாஞ்ச் உருளையால் நிற்கும் நீரை எடுங்கள். பிறகு நான்கு முள் கொண்ட மண்வாரியை 10 சென்டிமீட்டர் ஆழம் குத்தி, லேசாக அசைத்து எடுத்து, ஒரு சாண் தள்ளி மறுபடி குத்துங்கள். அந்த இடங்களில் கழுவிய ஆற்றுமணலை மெல்லத் தூவுங்கள். துடைப்பத்தால் சேற்றைத் தேய்க்கக் கூடாது, மேல்மண் பூசி மெழுகியதுபோல் மூடிக்கொள்ளும், அதன்பின் ஒரு சொட்டும் இறங்காது. ஈரத்தில் ரோலர் ஓட்டவும் கூடாது. கடல் மணலில் உப்பு, எம்-சாண்டில் தூள், இரண்டுமே தரைக்கு ஆகாது. எல்லாம் முடிந்தபின் தோள் உயரத்திலிருந்து பந்தைப் போடுங்கள். எழும்பினால் ஆடலாம், சொத்தென்று உட்கார்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தத் தயாராக இருப்பார்.

கோடு போடுவதில் இன்னும் பல இடங்களில் நீர்த்த சுண்ணாம்பைத்தான் தூவுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். ஈரத்தோடு சேர்ந்தால் அது தோலைப் புண்ணாக்கும், சறுக்கி விழும் வீரரின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சாக் தூளோ, தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷனோ போதும்.

மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க, மூலையில் முளை அடித்து ஒரு பக்கம் 9 மீட்டர், மறுபக்கம் 12 மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். இரண்டு குச்சிக்கும் இடையே சரியாக 15 மீட்டர் இருக்க வேண்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும், ஸ்டீல் டேப்பில் அளங்கள். நான்கு மூலையும் முடிந்தபின் எதிர் மூலைக்கு எதிர் மூலை அளந்தால் 125.10 மீட்டர் வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வராவிட்டால் மைதானம் சாய்ந்திருக்கிறது. பெனால்டி கட்டம் 40.32 க்கு 16.5 மீட்டர், அதன் மூலைவிட்டம் 43.57. அளவெல்லாம் கோட்டின் வெளி ஓரத்துக்கு, கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மழையில் கோடு கரைந்தாலும் முளை அடித்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைத் தரைமட்டத்துக்குக் கீழே புதைத்து வைத்தால் அடுத்த முறை அரை மணியில் முடிந்துவிடும்.

வார நாட்கள்

சனிக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு அன்று 60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு 20 நிமிடம் மெதுவான சைக்கிள். ஆடாதவர்களுக்கு அன்றுதான் கடும் உழைப்பு: ஆறுக்கு ஆறு சிறு ஆட்டம் நான்கு நிமிடமாக நான்கு சுற்று, பிறகு முழு வேகத்தில் ஆறு ஓட்டம். இதை விட்டுவிடும் அணிகள் அதிகம். பெஞ்சிலேயே இருந்தவரின் கால் மூன்று வாரமாக முழு வேகத்தைத் தொட்டிருக்காது, திடீரென்று முதல் பதினொருவரில் இறக்கினால் பின்தொடை கிழியும்.

திங்கள் ஓய்வு. செவ்வாய் வலுப்பயிற்சி: முழங்காலிட்டு, துணையாள் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி. சீசன் நடுவே ஐந்தாறு தடவையாக இரண்டு மூன்று சுற்று போதும். பின்தொடைக் காயத்தை ஏறக்குறைய பாதியாக்கும் பயிற்சி இது. ஆனால் வியாழன், வெள்ளியில் செய்தால் அந்த வலியோடு சனிக்கிழமை இறங்க வேண்டிவரும். புதன் பெரிய கட்டத்தில் ஆட்டம், வியாழன் அணிவகுப்பும் ஃப்ரீ கிக் ஒத்திகையும், வெள்ளி 40 நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கடலூர் வெள்ளி கடற்கரையில் ஓடவிடுவது சீசனுக்கு முந்தைய வாரங்களுக்கு நல்லது. அலை நனைத்த கெட்டி மணலில் ஓடலாம், காய்ந்த மணலில் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் குதிகால் தசைநாண் வீங்கும். ஆட்டங்கள் தொடங்கியபின் மணல் ஓட்டம் வேண்டாம்.

வெயிலும் தண்ணீரும்

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஷார்ட்ஸ் மட்டும் போட்டு எடை பாருங்கள். 70 கிலோ ஆள் 68.6-க்கு இறங்கினால் நூற்றுக்கு இரண்டு போயிற்று, அதற்கு மேல் இழந்தால் ஓட்டமும் யோசனையும் தடுமாறும். இழந்த 1.4 கிலோவுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 2.1 லிட்டரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம். அதனால் இளநீரோடு உப்பு போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஐஸ் பார் கடலூர் துறைமுகத்திலும் புதுச்சேரியின் மீன்பிடித் துறைமுகமான தேங்காய்த்திட்டிலும் தாராளமாகக் கிடைக்கும். அது மீனுக்கான ஐஸ். கால் முழுகும் தொட்டிக்கும், குடிநீர் பாட்டிலை வெளியிலிருந்து குளிர வைக்கவும் மட்டும் பயன்படுத்துங்கள், குடிக்கும் தண்ணீரில் ஒரு துண்டும் விழக் கூடாது. வீரர் மயங்கி, பேச்சு குழறி, உடம்பு கொதித்தால் தொட்டியில் கழுத்துவரை இறக்கி முதலில் குளிர வைத்து, பிறகே ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். உப்பளத்திலிருந்து ஜிப்மர் போக நகரைக் கடக்க வேண்டும். ஆம்புலன்ஸ் டிரைவரோடு மாலை நெரிசலில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள்.

ஆட்டத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு இட்லி, சாதம், பழம். பூரி, வடை, பிரியாணி எண்ணெய் இறங்கவே அந்த நேரம் போதாது. முடிந்த ஒரு மணிக்குள் 70 கிலோ ஆளுக்கு 70 கிராம் அளவு மாவுச்சத்து போக வேண்டும், நான்கு இட்லியும் ஒரு வாழைப்பழமும் ஏறக்குறைய அவ்வளவு.

வெளியூர்

கோழிக்கோடு ஆட்டத்துக்குப் புதுச்சேரி-மங்களூரு ரயில் வழியிலேயே இறக்கிவிடும். வடக்கே, வடகிழக்கே போக சென்னை விமான நிலையம் வசதி, சாலையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துவையுங்கள். ஸ்ரீநகர் 1,500 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காலம், செயற்கைத் தரை. ஐசாலிலும் செயற்கைத் தரை. புல்லுக்கான நீளக் குமிழ் ஷூவோடு அங்கே இறங்கினால் கால் பதிந்து முழங்கால் திருகும். குட்டையான, எண்ணிக்கை அதிகமான குமிழ் உள்ள ஷூவை வாங்கி, ஊரில் செயற்கைத் தரையில் இரண்டு வாரம் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். புது ஷூவை ஆட்டத்தன்று பெட்டியிலிருந்து எடுத்தால் இடைவேளைக்குள் கொப்புளம். பந்தின் காற்றழுத்தத்தைப் போன இடத்தில் மறுபடி பாருங்கள், 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை விதி அனுமதிக்கிறது.

கடைசி நான்கு ஆட்டம்

புள்ளி சமமானால் யார் மேலே என்பதை மார்ச் தொடக்கத்தில் விதிப் புத்தகத்தில் மறுபடி படியுங்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் கோல் வித்தியாசம் முதலில் வரும், ஸ்பெயினில் அந்த அணிகள் தமக்குள் மோதிய ஆட்டங்களின் நேருக்கு நேர் முடிவு. 2020-21 ஐ-லீக்கில் கோகுலம் கேரளாவும் சர்ச்சிலும் 29 புள்ளியில் நின்றபோது நேருக்கு நேர் கணக்குதான் கோகுலத்துக்குக் கோப்பையைக் கொடுத்தது. நேருக்கு நேர் விதி உள்ள லீக்கில், போட்டி அணியிடம் 2-0 பின்தங்கி நிற்கும்போது அடிக்கும் ஒரு கோலுக்கும் மதிப்பு உண்டு. அதை வீரர்களுக்குச் சொல்லாவிட்டால் அவர்கள் ஓட மாட்டார்கள்.

கடைசி விசில் ஊதிய வாரமே தரை வேலை தொடங்கும். கோல் முகப்பின் இறுகிய மண்ணைக் கொத்தி, காய்ந்த புல்லை வாரி, மைதானம் முழுக்க 5 மில்லிமீட்டர் மணல் பரப்புங்கள். கிட்டத்தட்ட 36 கன மீட்டர், நம் லாரிக்காரர் கணக்கில் (100 கன அடி ஒரு யூனிட்) 12 யூனிட்டுக்கு மேல். நல்ல தண்ணீரை ஆழமாகப் பாய்ச்சி, அக்னி நட்சத்திரம் முடியும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள். வெயிலில்தான் அருகு வேகமாக ஓடும், ஜூன் நடுவில் கோல் முகப்பு பச்சையாக மூடியிருக்கும்.